ரிலீவர் வராத காவல்காரன்

பொன்னுரங்கத்தை எங்கள் கம்பெனியில் யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் ரங்கண்ணன்தான். கார் சீட்டுக்கு இரும்பு ஃப்ரேம் வெல்டிங் செய்யும் கம்பெனி எங்களுடையது, ஒரகடத்தில். லைனின் கடைசியில் ரோபோ இறக்கி வைக்கும் ஃப்ரேமை எடுத்து, வெல்டை விரலால் தடவிப் பார்த்து, ட்ராலியில் அடுக்குவது அவர் வேலை. பதினோரு வருடமாக அதே இடத்தில் நின்றார். அதற்குள் காண்ட்ராக்டர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரும் ஒரு நிறத்தில் சட்டை கொடுத்தார்கள்: முதலில் நீலம், அப்புறம் பச்சை, நான் வேலைக்குச் சேர்ந்தபோது மெரூன். கம்பெனி ரோலில், அதாவது நிரந்தர வேலையில், இருப்பவர்களுக்கு மட்டும் சாம்பல் நிறச் சட்டை. அந்தச் சாம்பல் சட்டை ஒன்றுதான் அவர் கேட்டது.

நான் அங்கே குவாலிட்டி இன்ஜினியர். உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவன், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. அதற்காகத் தாலுகா ஆபீசில் வாங்கிய சான்றிதழை இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் எந்தக் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும், என் பெயருக்குப் பின்னால் பி.இ. விட்டுப்போனால் என் அப்பா பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த இரண்டு எழுத்தை மட்டும் அடையாளம் தெரியும். எனக்கும் அதில் பெருமைதான், மறைக்கவில்லை. அந்தப் பெருமை ரங்கண்ணனுக்குச் செய்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அவருக்கு வடக்குப்பட்டில் சொந்த வீடு. நான் தங்கியிருந்த அறையும் அங்கேதான், தாயாரம்மாள் மெஸ்ஸுக்கு மாடியில். கம்பெனிக்குள் என்னை "சார்" என்பார். கேட்டைத் தாண்டியதும் "தம்பி". பஸ்ஸில் பக்கத்தில் இடம் பிடித்து வைத்துக்கொண்டு, "வா தம்பி, குந்து" என்பார். அந்தக் கேட் ஒரு சுவிட்ச் மாதிரி அவருக்கு.

நான் சேர்ந்த வருடம் அக்டோபரில் ஒரு நாள், வெல்டிங் மெஷினுக்குக் குளிர்ந்த தண்ணீர் போகும் குழாய் பிய்த்துக்கொண்டு மின்சாரப் பெட்டியின் மேல் பீய்ச்சி அடித்தது. சூப்பர்வைசர் அப்போது லைனில் இல்லை. ரங்கண்ணன் யாரையும் கேட்கவில்லை. மெயினை அணைத்தார், பக்கத்தில் நின்றவர்களைத் தள்ளிப் போகச் சொன்னார், வால்வை மூடினார், பெட்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டார். எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள், என் கண் முன்னால். ரிப்போர்ட்டில் அது சூப்பர்வைசர் செய்ததாகப் பதிவானது. ரங்கண்ணன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வேலை தெரிந்தவர், வாய்தான் வராது.

வாய் வராததால்தான் சாம்பல் சட்டையும் வரவில்லை. பத்து வருடம் நின்றவர்களைப் படிப்புப் பார்க்காமல் இன்டர்வியூ வைத்து எடுப்பதாகக் கம்பெனி ஒரு வழி வைத்திருந்தது. முதல் தடவை போனபோது, இப்படி ஒரு நிலைமை வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். இவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

"கைக்குத் தெரியுது தம்பி. வாய்க்குத் தெரியல. கோட்டு போட்டவங்கள பாத்தா நாக்கு உள்ள பூந்துக்குது" என்றார் என்னிடம், மெஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டே. அடுத்த இன்டர்வியூவுக்கு அப்போது ஒரு மாதம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நான் ஒரு புது விளையாட்டுக்குப் பைத்தியம் பிடித்துத் திரிந்துகொண்டிருந்தேன். கல்லூரி நண்பன் ஒருவன் அனுப்பிய விளையாட்டு அது. ஒருவன் கதை சொல்வான். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். முன்னால் ஒரு கதவு இருக்கிறது, என்ன செய்கிறாய் என்று கதை சொல்பவன் கேட்பான். அவர்கள் சொல்வதுதான் நடக்கும். பலிக்குமா பலிக்காதா என்று சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். விதிகள் எல்லாம் இங்கிலீஷில், அறுபத்து நாலு பக்கம். நான் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டு வரை படித்தவன். அகராதி வைத்துக்கொண்டு பதினைந்து நாளில் அதைப் படித்து முடித்தேன். முடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷம் செமஸ்டர் ரிசல்ட் பார்த்த அன்றுகூட வந்ததில்லை.

ரங்கண்ணனிடம் சொன்னேன். இதில் முழுக்க முழுக்க அதே கேள்விதான் அண்ணே, நீ என்ன செய்வாய், நீ என்ன செய்வாய் என்று. நாலு ஞாயிற்றுக்கிழமை விளையாடினால் இன்டர்வியூவில் பேச்சு தானாக வரும் என்றேன். பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன். ஆனால் விளையாட எனக்கு ஆள் வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

"சீட்டாட்டம் இல்லியே?" என்று மட்டும் கேட்டார். அவர் மனைவி ராஜலட்சுமி சீட்டு என்றால் வீட்டுக்குள் விடமாட்டார். இல்லை என்றதும் ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு மெஸ்ஸில் சாப்பாடு முடிந்து பெஞ்சு எல்லாம் காலியாக இருக்கும். தாயாரம்மாளிடம் கேட்டு ஒரு மேஜையை எடுத்துக்கொண்டோம். மூன்று பேர் விளையாட வந்தார்கள். ரங்கண்ணன், என் அறைத்தோழன் சிவசங்கர், சிவகாசிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் டிரெயினியாக இருந்த பாண்டிச்செல்வி. பாத்திரங்களைக் குறிக்கும் பொம்மைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு நட்டு. பழைய இன்ஸ்பெக்‌ஷன் சார்ட்டின் பின்பக்கத்தில் கோட்டை வரைபடம் போட்டிருந்தேன். ஊரெல்லாம் காய்ச்சல், மலைக்கோட்டைக்குள் பூட்டிக் கிடக்கிறது மருந்துப் பெட்டி, அதை எடுத்து வர வேண்டும். அதுதான் கதை.

முதலில் பாத்திரம் எடுக்க வேண்டும். சிவசங்கர் வாள்வீரன். பாண்டிச்செல்வி வில்லாளி. ரங்கண்ணனிடம் கேட்டதற்கு, தன் ஆள் ஒரு கைவேலை தெரிந்தவனாக இருக்கட்டும் என்றார். பூட்டு, கீல் ரிப்பேர் பண்ணுகிறவன். பெயர்கூட யோசித்து வைத்திருந்தார், ஏகாம்பரம். புத்தகத்தில் அப்படி ஒரு வகை இல்லை. பூட்டுத் திறக்கத் தெரிந்த ஒரே வகை திருடன்தான், திருடன் என்றே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.

"திருடன்னு எழுதாத தம்பி. வூட்டுல பாத்தா நல்லா இருக்காது. பூட்டு ரிப்பேர்னு போடு."

எல்லோரும் சிரித்தோம். நான் திருடன் என்றே எழுதினேன். புத்தகத்தில் இருப்பது அதுதானே.

ஆரம்பத்தில் அவர் வாயே திறக்கவில்லை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், நீயே சொல்லு தம்பி, செய்யறேன் என்பார். லைனில் பதினோரு வருடம் அப்படித்தான். சிவசங்கர் பார்த்ததையெல்லாம் வெட்டிக்கொண்டிருந்தான். பாண்டிச்செல்விக்கு மரத்தில் ஏறாமல் ஒரு வேலையும் ஓடவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த தாயாரம்மாள், பெரிய மனுஷர் இவருக்கு என்ன வேலை இந்தக் கூத்தில் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

முதல் கதவில்தான் மாறியது. பூட்டிய மரக்கதவு. சிவசங்கர் உதைத்தான், பகடையில் மூன்றுதான் விழுந்தது, காலில் அடி. ரங்கண்ணன் சார்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு நம்ம பக்கம் தொறக்குமா, அந்தப் பக்கமா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. நம் பக்கம் என்றேன்.

"அப்ப கீலு நம்ம பக்கம்தான கீது. பூட்டை எதுக்கு தொடணும். கீல் ஆணியைத் தட்டி எடுத்துட்டா கதவு கைக்கு வந்துடும்."

பாண்டிச்செல்வி கை தட்டினாள். சிவசங்கர், கதவைத் தூக்கி எங்கே வைப்பது என்று கேட்க, ரங்கண்ணன் அவனை ட்ராலி கொண்டுவரச் சொன்னார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கதவுக்காக நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்கப் புதிர் வீணாகிவிட்டதே என்றும் இருந்தது.

அடுத்தது காவல்காரன். கோட்டையின் உள்வாசலில் கோடாலியோடு ஒரு ராட்சசன். அந்தச் சண்டைதான் என் கதையின் உச்சம். அவன் எத்தனை அடி தாங்குவான், எந்தச் சுற்றில் அவனுக்குக் கோபம் வரும் என்று நாலு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தேன். அவனை நான் வர்ணித்து முடித்ததும் சிவசங்கர் பகடையைக் கையில் எடுத்துவிட்டான். ரங்கண்ணன் அவன் கையைப் பிடித்தார்.

"இரு. தம்பி, அவன் எப்பலேர்ந்து நிக்கறான் அங்க?"

"காலையிலேர்ந்துண்ணே."

"இப்ப மணி இன்னா?"

"சாயங்காலம் ஆயிடுச்சு."

"அப்ப ரிலீவர் வரல அவனுக்கு" என்றார்.

எங்கள் வேலையில் ரிலீவர் என்றால் அடுத்த ஷிஃப்ட்டில் வந்து நம் இடத்தில் நிற்க வேண்டியவன். அவன் வராவிட்டால் மெஷினை விட்டு நகர முடியாது. ரங்கண்ணன் மாதத்தில் நாலு நாளாவது அப்படி நின்றிருப்பார், எட்டு மணி நேரத்துக்கு மேல் இன்னொரு எட்டு.

அவர் எழுந்து நின்றார். மேஜையின் ஓரத்தில் இருந்த தன் நட்டை எடுத்து ராட்சசனுக்கு எதிரில் வைத்தார். நான் நட்டு வைத்து ராட்சசனைக் காட்டவில்லை. தாயாரம்மாளின் ஊறுகாய் பாட்டில்தான் ராட்சசன். ரங்கண்ணன் அந்தப் பாட்டிலைப் பார்த்துப் பேசினார்.

"இன்னா நைனா, சாப்டியா? எவ்ளோ நேரமா நிக்கிற. காலு கடுக்கல? நம்ம கையில சோறு கீது. நீ அப்படி ஓரமா குந்தி துன்னு. நீ வர்ற வரைக்கும் நான் நிக்கறேன் இங்க. யாரும் கேட்டா ரிலீவர்னு சொல்லு."

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. குரலில் நடுக்கம் இல்லை, திக்கல் இல்லை. பாண்டிச்செல்வி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். தாயாரம்மாள் ஈரக் கையோடு வந்து நின்றுவிட்டார். இன்டர்வியூவுக்கு எது வேண்டும் என்று அவர் என்னிடம் வந்தாரோ, அது அந்த மேஜையில் வந்துவிட்டது. நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். அந்த ராட்சசன் சார்பில் ஒரு வாய் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கு அப்போது தோன்றியது வேறு. நாலு இரவு போட்ட கணக்கு போகிறது. மேஜை என் கையை விட்டுப் போகிறது. எல்லோரும் அவரைப் பார்க்கிறார்கள், என்னைப் பார்க்கவில்லை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான்.

ராட்சசன் பேசமாட்டான் என்றேன். ஏன் என்று கேட்டார். புத்தகத்தில் ராட்சசனுக்கு மொழி இல்லை என்று போட்டிருக்கிறது என்றேன். பேச வேண்டாம், சோற்றை மட்டும் வைக்கிறேன் என்றார். கூடாது, இங்கே சண்டைதான் என்றேன். ஒரு தபா உருட்டிப் பாக்கறேனே தம்பி, உழுந்தா உழட்டும், உழலன்னா சண்டை போடறோம் என்றார். பாண்டிச்செல்வியும், "உருட்ட விடுங்கண்ணே, நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

குவாலிட்டிக்காரன் சட்டைப் பையில் எப்போதும் ரெட் டேக் இருக்கும். அளவு தப்பின பீஸில் கம்பியால் அந்தச் சிவப்பு அட்டையைக் கட்டிச் சிவப்புத் தொட்டியில் போடுவோம். ஞாயிற்றுக்கிழமையும் என் பையில் ஒன்று கிடந்தது. நான் அதை எடுத்து, ரங்கண்ணனின் நட்டுக்குள் கம்பியை விட்டு முறுக்கிக் கட்டினேன். "ஏகாம்பரம் ரிஜெக்ட்" என்றேன். வேடிக்கைக்குத்தான். சிவசங்கர் சத்தமாகச் சிரித்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"புக்கைப் படிச்சவனுக்குத்தாண்ணே தெரியும். உங்களுக்கு இங்கிலீஷ் வராதுன்னுதானே நான் படிச்சுச் சொல்லிக்கிட்டிருக்கேன். சொல்றத மட்டும் செய்யுங்க."

சிவசங்கரின் சிரிப்பு பாதியில் நின்றது. ரங்கண்ணன் நட்டைப் பார்த்தார். கம்பியைப் பிரிக்கவில்லை. உட்கார்ந்தார்.

"சரி சார்" என்றார்.

மெஸ்ஸில், கேட்டுக்கு வெளியே, முதல் தடவையாக சார்.

சண்டை நடந்தது. உருட்டச் சொன்னபோது உருட்டினார். சிவசங்கர் வாளில் ராட்சசன் செத்தான். "பாவம், ரிலீவர் வர்றதுக்குள்ள" என்று தாயாரம்மாள்தான் சொன்னார். ரங்கண்ணன் மருந்துப் பெட்டி வரைக்கும் இருந்து, டீ டம்ளர்களை எடுத்துக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு, வரேன் சார் என்று கிளம்பினார்.

புதன்கிழமை அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இரண்டாவது ஞாயிறுக்கு ஏதோ தேட வேண்டியிருந்தது. முன்னுரை ஆறு பக்கம். அதை நான் படிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த பழக்கம் அது. எங்கள் ஊரில் முன்னுரையை யாரும் படிக்கமாட்டோம், அதிலிருந்து பரீட்சைக்குக் கேள்வி வராது. முதல் பாடத்திலிருந்து கோடு போட ஆரம்பித்துக் கடைசிப் பாடம் வரைக்கும் மனப்பாடம். இந்தப் புத்தகத்தையும் அப்படித்தான் படித்திருந்தேன், ஒன்பதாம் பக்கத்திலிருந்து. முன்னுரையின் மூன்றாம் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருந்தார்கள். நீங்கள் எழுதி வைத்ததைவிட நல்ல வழியை விளையாடுபவர் கண்டுபிடித்தால் உங்கள் தாளை மடித்து வைத்துவிடுங்கள், அவர் வழியே போங்கள், இந்தப் புத்தகத்தின் எந்த விதியும் அதைவிடப் பெரியது இல்லை என்று.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. ஞாயிறு வரட்டும், எல்லோர் முன்னாலும் சொல்லுவோம் என்று நினைத்துக்கொண்டேன். ஞாயிறு அவர் வரவில்லை, கம்பெனியில் ஓ.டி., கூடுதல் நேர வேலை என்று சொல்லி அனுப்பினார். அடுத்த ஞாயிறும் ஓ.டி. லைனில் பார்க்கும்போது சொல்லலாம் என்றால், பக்கத்தில் ஆட்கள். ஒரு ஆபரேட்டரிடம் இன்ஜினியர் நின்று மன்னிப்புக் கேட்டால் நாளைக்கு ரெட் டேக் போடும்போது யார் மதிப்பார்கள் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். பஸ்ஸில் அவர் பின் சீட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார். பக்கத்தில் இடம் பிடித்து வைப்பதில்லை.

இன்டர்வியூ அன்று குவாலிட்டி சார்பில் குறிப்பெழுத என்னைப் போட்டார்கள். ஏ.சி. அறை. ஹெச்.ஆர். அதிகாரி, புரொடக்‌ஷன் மேனேஜர், ஓரத்தில் நான். ரங்கண்ணன் மெரூன் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். காலையில் வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய் வந்த விபூதி நெற்றியில் இருந்தது. என்னைப் பார்த்து வணக்கம் சொன்னார்.

பெயர், வருடம் எல்லாம் கேட்ட பிறகு மேனேஜர் கேட்டார்: "மெஷின்ல திடீர்னு ஒரு பிரச்சினை. சூப்பர்வைசர் இல்ல. நீங்க என்ன செய்வீங்க?"

ரங்கண்ணனின் வலது கை மேஜை மேல் எழுந்தது. ஊறுகாய் பாட்டிலுக்கு எதிரில் நட்டை வைத்தபோது எழுந்த மாதிரியேதான். வாயும் திறந்தது. அப்போது அவர் கண் என் பக்கம் வந்தது. என் கையில் பேனா, முன்னால் தாள். கை கீழே இறங்கிவிட்டது.

"அதுக்கு ரூல் இருக்கும் சார். படிச்சவங்க சொன்னா அதும்படி செய்வேன்."

சொல்ல யாரும் இல்லை என்றால், என்று மேனேஜர் மறுபடி கேட்டார். நல்ல மனிதர், இரண்டு தடவை கேட்டார். ரங்கண்ணன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் குழாய் பிய்த்துக்கொண்ட கதை எனக்குத் தெரியும். சார், இவர் இதைச் செய்தே காட்டியிருக்கிறார் என்று ஒரு வரி சொன்னால் போதும். ரிப்போர்ட்டில் வேறு பெயர் இருக்கிறதே, கேட்டால் என்ன சொல்வது, நான் குறிப்பெழுத வந்தவன்தானே என்றெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கையில் ஹெச்.ஆர். அதிகாரி நன்றி சொல்லிவிட்டார். ரங்கண்ணன் எழுந்து நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார். "முடிவெடுக்கும் திறன்" என்ற கட்டத்தில் மேனேஜர் சொன்ன மதிப்பெண்ணை என் கையால்தான் எழுதினேன். பத்துக்கு இரண்டு.

ஆறு பேருக்குச் சாம்பல் சட்டை கிடைத்தது. அடுத்த மூன்றாவது மாதம் காண்ட்ராக்டர் மாறியபோது ரங்கண்ணன் புதுச் சட்டை வாங்கிக்கொள்ளவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு குடோனில் ஆள் எடுக்கிறார்கள் என்று போய்விட்டதாகத் தாயாரம்மாள் சொன்னார்.

நாங்கள் அப்புறம் இரண்டு ஞாயிறு விளையாடிப் பார்த்தோம், ஒட்டவில்லை. அடுத்த வருடம் நான் குன்றத்தூருக்குக் குடிமாறினேன். இப்போது சீனியர் இன்ஜினியர். இந்த வருடம் மாசியில் ஒரு நாள் ஒரகடம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கையில் ரங்கண்ணனைப் பார்த்தேன். ஆரஞ்சு நிறச் சட்டை. முடி முன்பக்கம் நரைத்திருந்தது. அவரேதான் முதலில் கேட்டார், "சாப்டீங்களா சார்?" என்று. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, உங்க பொண்ணு பத்தாவதா என்று நான் கேட்க, கொஞ்சம் பேசினோம். அவர் பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது.

"அண்ணே, அன்னிக்கு மெஸ்ல நீங்க சொன்னதுதான் சரி. நான்தான் புக்கைச் சரியாப் படிக்கல."

"எது சார்?"

"அந்தக் காவல்காரன். சோறு குடுத்துப் பேசறேன்னு சொன்னீங்களே."

என் முகத்தைப் பார்த்தார். நினைவு வந்ததா, வந்தும் வேண்டாம் என்று வைத்தாரா, எனக்குத் தெரியவில்லை.

"அது வெளையாட்டுதான சார்" என்றார்.

பஸ் வந்து நின்றது. இரண்டு காலையும் படியில் வைத்த பிறகு திரும்பி, வெயில்ல நிக்காதீங்க, அந்தப் பக்கம் நெழல் கீது என்று கையைக் காட்டினார். சார் என்றும் சொல்லவில்லை, தம்பி என்றும் சொல்லவில்லை. நான் அவர் காட்டிய பக்கம் போய் நின்றேன்.